பூவும் பொருளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

     

பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய அமைப்பின் வாழ்வில் சிறிய காலம் அன்று. தொடங்கும்போது கூடுவோர் பலர். தொடர்ந்து வருவோர் சிலர். அச்சிலராய் இருந்து இந்த அமைப்பைக் காத்துவந்த உங்களுக்கு முதற்கண் என் பாராட்டுகளைத் தெரிவித்துக் கொள்கிறேன். விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ‘பூவும் பொருளும்’. மென்மையான தலைப்பு. ஆனால் எண்ணிப் பார்க்கும்போது, மெல்லிய இதழ்களின்மேல் மனிதன் எத்தனை பெரிய சுமைகளை ஏற்றி வைத்திருக்கிறான் என்னும் வியப்பு எழுகின்றது. காதல், கற்பு, வீரம், வெற்றி, மங்கலம், அமங்கலம், இறைமை, இறப்பு ஆகிய அனைத்தையும் நாம் பூவின் தலையில் ஏற்றியிருக்கிறோம். அப்பொருள்கள் எங்கிருந்து வந்தன? பூவிலிருந்தா, நம்மிடமிருந்தா? நம்மிடமிருந்து வந்தவையாயின், அவற்றை மாற்றும் உரிமையும் நமக்கு உண்டா? இவ்வினாக்களை உங்கள் முன் வைப்பதே என் உரையின் நோக்கம்.

பூ நமக்காகப் பூப்பதில்லை. இவ்வுண்மையை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். செருமானிய நாட்டில் பள்ளி ஆசிரியராக இருந்த கிறித்தியான் கோன்ராடு சுப்பிரெங்கெல் என்பார், பூவின் நிறமும் மணமும் தேனும் பூச்சிகளை அழைப்பதற்காகவே அமைந்தவை என்பதை 1793ஆம் ஆண்டில் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். அவர் காலத்தார் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் வந்த டார்வின் அதன் அருமையை உணர்ந்து உலகிற்கு எடுத்துக் காட்டினார். இரவில் மலரும் பூக்களுள் பல வெண்ணிறமும் மிகுந்த மணமும் உடையனவாய் இருப்பதன் காரணம், இருளில் பறக்கும் அந்துப் பூச்சிகளை ஈர்த்தற்கே. பூவுக்கு வேண்டியது மகரந்தம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சேர்வது. கூந்தலும் மாலையும் கொற்றமும் அதன் கணக்கில் இல்லை.

அங்ஙனமாயின், தனக்கென்று அமையாத ஒன்றின்மேல் மனிதன் ஏன் இத்துணை மயக்கம் கொண்டான்? அதற்கு விடை தேடத் தமிழைவிடச் சிறந்த இடம் வேறில்லை என்பது என் கருத்து. பூவின் வாழ்வை நாள் நாளாக, நாழிகை நாழிகையாகப் பார்த்துப் பெயரிட்ட மொழி இது. அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று தோன்றுவது முதல் வாடுவது வரை ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல்லைத் தமிழர் வைத்திருந்தனர். மரத்தில் பூப்பது கோட்டுப்பூ, கொடியில் பூப்பது கொடிப்பூ, நிலத்தில் பூப்பது நிலப்பூ, நீரில் பூப்பது நீர்ப்பூ என நால்வகைப் பகுப்பும் செய்தனர். பார்க்காத ஒருவனால் இப்படிப் பெயரிட இயலாது.

பெயரிட்டதோடு நின்றார்களா? இல்லை. அச்சொற்களைக் கொண்டே மனித வாழ்வை அளந்தார்கள். தலைவன் தலைவியின் களவொழுக்கத்தை ஊரார் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கும் நிலைக்கு ‘அம்பல்’ என்றும், அது வெளிப்படையாகப் பரவிய நிலைக்கு ‘அலர்’ என்றும் பெயர். விரியாத பேச்சு அம்பல். விரிந்த பேச்சு அலர். ஊர்ப்பழியைக்கூடப் பூவின் மலர்ச்சியால் அளந்த சமுதாயம் நம்முடையது.

இனி, பூவுக்குப் பொருள் பிறந்த முறையைப் பார்ப்போம். தமிழர் முதலில் பூவைப் பார்த்தார்கள். பிறகே பொருள் சொன்னார்கள். முல்லை மாலையில் மலர்கிறது; கார்காலத்தில் காடெங்கும் வெண்மையாகச் சிரிக்கிறது. வினைமேற் சென்ற கணவன் கார் தொடங்கும்போது திரும்புவேன் என்று சொல்லிச் சென்றிருக்கிறான். மாலை நேரத்தில் முல்லை மணக்கும்போது அவள் மனம் வாசலுக்கும் வழிக்குமாக அலைகிறது. ஆகவே காத்திருத்தல் என்னும் உணர்வுக்கு முல்லை அடையாளம் ஆயிற்று. தொல்காப்பியர் முல்லைக்குக் காரும் மாலையும் பொழுது என்று வகுத்தது இக்காட்சியின் மேல் எழுந்த இலக்கணமே ஆகும்.

குறிஞ்சியை எடுத்துக் கொள்ளுங்கள். நீலக் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மலைச்சரிவு முழுவதும் ஒருசேரப் பூக்கும். பூத்து, விதை தந்து, அத்தலைமுறைச் செடிகள் மடிந்துவிடும். 1994இல் பூத்தது, 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. மலைவாழ் மக்கள் தம் வயதைக் குறிஞ்சி பூத்த தடவைகளால் எண்ணினர் என்றும் கூறுவர். மலைக்கும் மலைசார்ந்த காதலுக்கும் இந்தப் பூவின் பெயர் நிலைத்திருப்பதில் ஓர் அழகு உண்டு. கிடைத்தற்கு அரியது, கிடைத்தபோது மலையையே நிறைப்பது என்னும் இரு பண்புகளும் முதற்காதலுக்கும் உரியவை அல்லவா?

போர்க்களத்திலும் இதே பார்வைதான். மக்கள் வீட்டு வேலியாக நட்டு வளர்க்கும் செடி நொச்சி. மதிலைக் காத்து நின்ற வீரர்க்கு அதுவே அடையாளப் பூ. பகைவர் ஆநிரையைக் கவரச் சென்றோர் குருதி நிறங்கொண்ட வெட்சியைச் சூடினர். களத்தில் நேர்நின்று பொருதோர் தும்பை சூடினர். வென்றோர் வாகை சூடினர்.

நிலத்தைப் பார்த்துப் பூவுக்குப் பொருள் காண்பது தமிழர்க்கு மட்டும் உரியதன்று. முதல் உலகப் போரில் பெல்சிய நாட்டுப் போர்க்களங்களில், குண்டுகள் கிளறிப்போட்ட மண்ணில், பாப்பி என்னும் செந்நிறப் பூ செழித்துப் பூத்தது. நம் சமையலறைக் கசகசாவின் இனத்தைச் சேர்ந்த செடி அது. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். மண் கிளறப்பட்டு ஒளி பட்டால் முளைக்கும். இறந்த வீரர்களின் புதைகுழிகளுக்கிடையே அது பூத்ததைக் கண்ட கனடா நாட்டு மருத்துவர் சான் மெக்ரே 1915இல் ஒரு கவிதை எழுதினார். 1921 முதல் பிரிட்டனில் ஆண்டுதோறும் அப்பூவின் வடிவைச் சட்டையில் அணிந்து மறைந்தோரை நினைவுகூர்கின்றனர். நம் வெட்சியும் அவர்கள் பாப்பியும் ஒரே மனத்தில் பிறந்தவை என்று நான் கருதுகிறேன். கண்ணெதிரே நின்ற பூவை மனிதன் தன் துயரத்துக்கோ வெற்றிக்கோ சான்றாக அழைத்தான்.

இதற்கு மாறான வழியும் உண்டு. பாரிசு நகரில் 1819ஆம் ஆண்டு சார்லட் தெ லத்தூர் என்னும் புனைபெயரில் ‘பூக்களின் மொழி’ என்றொரு நூல் வெளிவந்தது. எந்தப் பூவை அனுப்பினால் என்ன பொருள் என்று அகராதிபோல் அடுக்கிய நூல் அது. அதைப் பின்பற்றி ஐரோப்பாவெங்கும் அத்தகைய நூல்கள் பல எழுந்தன. அவற்றின் இனிமையை நான் மறுக்கவில்லை. ஆயினும் அங்கே பூவைப் பார்க்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது. புத்தகத்தைப் பார்த்தால் போதும். இன்று பிப்ரவரித் திங்கள் பதினான்காம் நாளுக்காக ஓசூரிலிருந்து பெட்டி பெட்டியாக ரோசாப் பூக்கள் விமானம் ஏறுகின்றன. அவற்றை வாங்குவோரும் கொடுப்போரும் அச்செடியைக் கண்டிருக்க வேண்டியதில்லை. பொருள் முன்னரே எழுதப்பட்டுவிட்டது. பூ அதைச் சுமந்து செல்லும் ஆள் மட்டுமே.

ஐரோப்பியரைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம்மிடமும் பொருள் மிஞ்சிப் பூ மறைந்துகொண்டு வருகிறது. தேர்தல் முடிவு வந்தால் ‘வெற்றிவாகை சூடினார்’ என்று எழுதாத நாளிதழ் இல்லை. வாகை மரம் எதுவென்று கேட்டால் எத்தனை பேர் காட்டுவோம்? சாலையோரத்தில் காய்ந்த நெற்றுகள் காற்றில் சலசலக்க நிற்கும் மரம் அதுதான். நாள்தோறும் அதன் நிழலில் நின்று பேருந்துக்குக் காத்திருப்போரும் நம்மில் உண்டு. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநிலப் பூ. மகளிர் விரலுக்கு உவமையாகப் புலவர் போற்றிய பூ. அதுவே கண்வலிக்கிழங்குச் செடி என்பதும், அதன் கிழங்கு உயிரைப் போக்கும் நஞ்சு என்பதும், அதன் விதையிலிருந்து முடக்குவாதப் பிணி ஒன்றிற்கு மருந்து எடுக்கிறார்கள் என்பதும், தாராபுரம், மூலனூர் பக்கத்து உழவர்கள் அவ்விதைக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள் என்பதும் இலக்கியம் படித்தோர் பலர் அறியாதவை. உழவன் அறிந்த பூ ஒன்று, புலவன் அறிந்த பூ மற்றொன்று எனப் பிரிந்து நிற்கும் நிலை கபிலர் காலத்தில் இல்லை.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டை நினைத்துப் பாருங்கள். தலைவியும் தோழியும் பறித்து வந்து பாறைமேல் குவித்த பூக்களாகத் தொண்ணூற்றொன்பது பெயர்களை அடுக்குகிறார் அப்பெருமகனார். பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்த டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவர்களுக்குக் கிடைத்த சுவடிகளில் அப்பெயர்களுள் சில விடுபட்டிருந்தன. ஊர் ஊராக அலைந்து தேடி, முடிவில் தருமபுர ஆதீனத்துச் சுவடியில் அவற்றைக் கண்டெடுத்தார். 1889இல் பத்துப்பாட்டு அச்சேறியது. ‘உதிர்ந்த மலர்கள்’ என்று அவர் அவ்வரலாற்றைக் கட்டுரையாக எழுதியும் வைத்தார். பூவின் பெயர்தானே, சில போனால் என்ன என்று அவர் இருந்துவிடவில்லை. அவர் பெயர்களை மீட்டுத் தந்தார். அப்பெயர்களுக்குரிய செடிகளை இனங்காண்பதில் பி.எல். சாமி போன்ற அறிஞர்கள் உழைத்தார்கள். ஆயினும் குறிஞ்சி பூத்த சரிவுகளுள் பல தேயிலைத் தோட்டங்களாகவும் அயல்நாட்டு மரக்காடுகளாகவும் மாறிவிட்டன. குறிஞ்சிக்காகவே ஒரு காப்பிடத்தைக் கேரள அரசு 2006இல் அறிவித்தது. சொல்லை ஏட்டில் காப்பது பாதிக் கடமை; பூவை நிலத்தில் காப்பது மறு பாதி.

பெருமக்களே! இதுவரை, பார்த்ததனால் பொருள் பிறந்தது என்றேன். இனிச் சொல்லப்போவது அதனினும் இன்றியமையாதது. அப்பொருள் ஒருபோதும் நிலையாக நின்றதில்லை. பூ ஒன்றாகவே இருக்கப் பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இதற்கு நம் இலக்கியமே சான்று.

காஞ்சியைப் பாருங்கள். தொல்காப்பியத்தில் காஞ்சித்திணை உலக நிலையாமையைச் சொல்வது. புறப்பொருள் வெண்பாமாலையில் காஞ்சி, படையெடுத்து வந்த பகைவனை எதிர்த்து நிற்கும் வீரனின் பூ. அதே மரம், அதே பூ, பொருள் வேறு. எருக்கைப் பாருங்கள். காதலில் தோற்று மடலேறத் துணிந்தவன், நாணத்தை விட்டதற்கு அடையாளமாக எருக்கங்கண்ணி சூடித் தெருவுக்கு வந்தான் என்று குறுந்தொகை காட்டுகிறது. அதே எருக்கைப் பற்றிக் கபிலர் புறநானூற்றில் வேறொன்று சொல்கிறார். எளியவர் எருக்கைக் கொண்டுவந்து கொடுத்தாலும் கடவுள் வேண்டாம் என்று சொல்வதில்லை. பாரியும் அப்படியே எளியவரை ஏற்பான் என்பது அப்பாட்டின் கருத்து. தெருவில் இழிவாக எண்ணப்பட்ட பூ, சன்னிதியில் ஏற்புடையதாயிற்று. இன்றும் பிள்ளையாருக்கு எருக்க மாலை சாத்துகிறோம்.

நொச்சியைப் பற்றி வெறிபாடிய காமக்கண்ணியார் என்னும் பெண்பாற் புலவர் பாடிய புறப்பாட்டு நெஞ்சை உலுக்குவது. இளம்பெண்கள் இடையில் தழையாக அணிந்திருந்த நொச்சியை அவர் முன்பு கண்டவர். இப்போது மதில் காத்து வீழ்ந்த வீரன் ஒருவனின் நொச்சிக் கண்ணி குருதியில் நனைந்து உருமாறிக் கிடக்கிறது. ஊன்துண்டம் என எண்ணிப் பருந்து அதைக் கவர்ந்து செல்கிறது. தழை ஒன்று. அது விளையாட்டுக்கும் உரியதாய் இருந்தது, சாவுக்கும் உரியதாயிற்று.

முல்லைக்கும் அந்நிலை வந்தது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்துபட்டான். அவ்வாண்டும் முல்லை பூத்தது. குடவாயிற் கீரத்தனார் அம்முல்லையைப் பார்த்து, அவனை இழந்த இந்நாட்டிலும் நீ பூத்தாயோ என்று கேட்கிறார். சூட ஆளில்லாத ஊரில் பூவுக்கு என்ன வேலை என்பது அவர் குமுறல். முல்லை ஒரு குற்றமும் செய்யவில்லை. பருவம் வந்தது, பூத்தது. துயரம் மனிதனுடையது. புலவர் அதை அறியாதவரல்லர், அறிந்தே கேட்கிறார். அதனால்தான் அது கவிதையாக நிற்கிறது.

இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். பூச்சூடுதல் பெண்ணுக்கே உரியது என்று இன்று எண்ணுகிறோம். சங்க காலத்து ஆண்மக்கள் தலையில் கண்ணி சூடினர். மார்பில் தார் அணிந்தனர். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என மூவேந்தர்க்கும் குடிப்பூ இருந்தது. பூச்சூடாமல் போருக்குப் போன வீரனை நம் புறப்பாடல்களில் தேடித்தான் காண வேண்டும். இன்று மணமேடையையும் பாராட்டு மேடையையும் தவிர ஆடவர் பூவைத் தொடுவதில்லை. இம்மாற்றத்தை யாரும் சட்டமியற்றிக் கொண்டுவரவில்லை. பழக்கம் மெல்ல மாறியது. பண்பாடு அதனால் அழிந்துவிடவும் இல்லை.

இவ்வளவும் எதற்காகச் சொன்னேன் என்றால், இனிக் கூறப்போகும் ஒரு பாட்டுக்காகத்தான்.

ஒக்கூர் மாசாத்தனார் பாடிய சிறிய பாட்டு ஒன்று புறநானூற்றில் 248ஆம் பாட்டாக உள்ளது. கணவனை இழந்த பெண் ஒருத்தி வெள்ளாம்பலைப் பார்த்து இரங்குகிறாள். இளமையில் அந்த ஆம்பல் அவளுக்குத் தழையாடையாக உதவியது. இப்போது கணவன் மாய்ந்துபோனான். உண்ணும் வேளையும் மாறிப்போன துன்ப நாள்களில், அதே ஆம்பலின் விதையாகிய அல்லியரிசி அவளுக்கு உணவாகிறது. அவ்வளவே பாட்டு. அவள் தன்னை இரங்கத்தக்கவள் என்று சொல்லவில்லை. ஆம்பலைத்தான் இரங்கத்தக்கது என்கிறாள். குளத்தில் ஆம்பல் எப்போதும்போல் இரவில் விரிந்து பகலில் குவிந்துகொண்டிருக்கிறது. மாறியது அவள் வாழ்வு. மாற்றியவர் சுற்றியிருந்தோர்.

அப்பெண்ணுக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள். ‘பூவும் பொட்டுமாக வாழ வேண்டும்’ என்று வாழ்த்துகிறோம். வாழ்த்தாகத் தோன்றும் அத்தொடருக்குள் ஓர் அச்சுறுத்தலும் மறைந்திருக்கிறது. பூ கணவனோடு வருவது, கணவனோடு போவது என்று அது சொல்கிறது. ஆனால் உண்மையில் பூ கணவனோடு வந்ததா? பிறந்த குழந்தைக்கு முடி வளர்ந்தவுடன் தாய் ஒரு சிறு கிள்ளுப் பூவை வைத்துப் பார்த்து மகிழ்கிறாள். பள்ளிக்குச் செல்லும் சிறுமி இரட்டைப் பின்னலில் கனகாம்பரம் சூடிச் செல்கிறாள். எந்தத் திருமணத்துக்கும் முன்பே பூ அவளுடையதாக இருந்தது. அவள் கொண்டுவந்ததை எடுத்துக்கொள்ளும் உரிமையை மற்றவர்க்குக் கொடுத்தவர் யார்?

கோயில் வாயில்களிலும் கடைத்தெரு முனைகளிலும் வாழைநாரில் பூத்தொடுத்து முழம்போட்டு விற்கும் மூதாட்டியரைக் கண்டிருப்பீர்கள். மல்லிகையும் முல்லையும் மருக்கொழுந்தும் நாள் முழுதும் அவர்கள் விரல்களில் நடமாடுகின்றன. ஊரிலுள்ள கூந்தலெல்லாம் அவர்கள் கையால் மணக்கிறது. அவர்களுள் பலருடைய தலையில் மட்டும் பூ இல்லை. தொடுக்கலாம், விற்கலாம், அவர் கைபட்ட பூவை ஆண்டவனுக்கும் சாத்தலாம். ஆனால் அவர் சூடலாகாது. பூவை அமங்கலம் தீண்டிவிடும் என்பது உண்மையானால், அவர் விரல்கள் தொட்டபோதே தீண்டியிருக்க வேண்டும். இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு நியாயமும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இதனை உணர்ந்தோர் முன்னரும் இருந்தனர். விதவை மறுமணத்திற்கு 1856இலேயே சட்டம் வந்தது. அ. மாதவையா இளம் கைம்பெண்ணின் கதையை ‘முத்துமீனாட்சி’ என்னும் நாவலாக எழுதினார். தாமே சிறுவயதில் கணவனை இழந்த சகோதரி சுப்பலட்சுமி (1886–1969) சென்னையில் இளம் கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்துக் கல்வி தந்து, அவர்களை ஆசிரியைகளாக்கினார். அண்மையில் 2022ஆம் ஆண்டு மே மாதம் மராட்டிய மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் என்னும் சிற்றூரின் ஊராட்சி, கணவன் இறந்ததும் மனைவியின் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது போன்ற சடங்குகளைத் தடைசெய்து தீர்மானம் நிறைவேற்றியது. அதே மாதத்தில் அம்மாநில அரசு, மற்ற ஊராட்சிகளும் அதைப் பின்பற்றுமாறு சுற்றறிக்கை விடுத்தது. பெருநகரத்துப் பல்கலைக்கழகம் செய்ததன்று. ஒரு சிற்றூர் செய்தது.

‘காலங்காலமாக வந்த மரபாயிற்றே’ என்பார் உண்டு. மரபு என்னும் சொல்லை நானும் மதிப்பவன். ஆனால் காஞ்சியின் பொருள் மாறியபோது மரபு அழியவில்லை. ஆடவர் கண்ணி சூடுவதை விட்டபோதும் மரபு அழியவில்லை. நாடாள்வோரின் தலையிலிருந்து பூ இறங்கியதைத் தாங்கிக்கொண்ட மரபு, ஒரு தாயின் தலையில் பூ ஏறுவதையும் தாங்கிக்கொள்ளும். ‘அவர்களே விரும்புவதில்லையே’ என்று சொல்வாரும் உண்டு. விரும்பாமல் இருப்பதற்கு ஒருவருக்கு முழு உரிமை உண்டு. மறைந்த துணையை எண்ணி, ‘இனி எனக்குப் பூ வேண்டாம்’ என்று ஒருத்தி தானே ஒதுக்கி வைத்தால் அது அவள் அன்பின் வெளிப்பாடு. நாம் தலைவணங்க வேண்டும். ஆனால் தானே வைக்காதிருத்தல் வேறு; வைக்கவிடாதிருத்தல் வேறு. முன்னது துயரம், பின்னது தண்டனை. குற்றம் செய்யாதவர்க்குத் தண்டனை தரும் எந்த வழக்கத்தையும் தமிழ் அறம் ஏற்காது.

ஆகவே நண்பர்களே, பூவுக்குப் பொருள் தந்தவர் நாமே என்பதை நம் இலக்கியம் பாட்டுக்குப் பாட்டு மெய்ப்பிக்கிறது. தந்தவர் நாமானால், திருத்த வேண்டியவரும் நாமே. பூவிடம் சென்று முறையிட வேண்டியதில்லை. அது எவர் தலையிலும் ஒரே மணமாகத்தான் மணக்கும்.

இலக்கியம் பேசுவதோடு கலைந்துவிடும் கூட்டமாக இவ்வட்டம் இருந்ததில்லை என்பதை அறிவேன். அதனால் இரண்டு வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, வரும் ஆண்டில் திங்களுக்கு ஒரு நாள், நூலைக் கையில் எடுத்துக்கொண்டு இவ்வூரின் குளக்கரைக்கும் வயல்வரப்புக்கும் வேலியோரத்துக்கும் செல்லுங்கள். நொச்சி எது, தும்பை எது, ஆவிரை எது, வாகை எது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். செடியின் பெயரை அங்குள்ள உழவரிடமும் ஆடுமேய்ப்பவரிடமும் கேளுங்கள். நாம் அறிந்த சொல்லும் அவர் அறிந்த செடியும் சந்திக்கும்போது, பிரிந்து நின்ற இரண்டு அறிவுகள் மீண்டும் ஒன்றாகும்.

மற்றொன்று, நம் விழாக்களின் வாயிலில் வைக்கும் வரவேற்புத் தட்டைப் பற்றியது. சந்தனம், கற்கண்டு, குங்குமம், பூ ஆகியவற்றோடு இளம்பெண்கள் நின்று வருவோரை வரவேற்பது நம் வழக்கம். பெண்மணி ஒருவர் வெறும் நெற்றியோடு வரும்போது, தட்டை ஏந்திய பெண்ணின் கை ஒரு கணம் தயங்கிப் பின்வாங்குவதை எந்த ஊர் விழாவிலும் காணலாம். வந்தவரும் அதைக் கண்டும் காணாதவர்போல் உள்ளே செல்வார். அந்த ஒரு கணத்தில் அவருக்கு நேர்வது என்னவென்பதை அவர்தாம் அறிவார். அடுத்த விழாவிலிருந்து அந்தத் தட்டு எல்லார் முன்னும் ஒரே உயரத்தில் நீட்டப்பட வேண்டும். எடுத்துக்கொள்வதும் எடுத்துக்கொள்ளாததும் அவர் விருப்பம். நீட்டுவது நம் கடமை.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் இதனைத் தன் பதினோராம் ஆண்டின் முதற்செயலாக மேற்கொள்ளுமானால், ஒக்கூர் மாசாத்தனாரின் பாட்டைப் படித்ததற்குப் பயன் கிடைத்துவிட்டது என்று நான் மகிழ்வேன்.